நான்கு டயர்களுக்குப் பதிலாக இரண்டு ரப்பர் துண்டுகள்

கண்ணு,

நீ கேட்ட நான்கு டயர்களும் வரவில்லை. அவற்றுக்குப் பதிலாக இந்தக் கடிதமும், ஒரு துணிப்பையில் இரண்டு ரப்பர் துண்டுகளும் வருகின்றன. ஆப்பிள் லாரி சர்தார் இதை உன் கையில் கொடுக்கும்போது, லாரிக்குப் பின்னால் போய் டயரைத் தேடாதே. அங்கே தேங்காய் மூட்டைதான் இருக்கும். உன் முகம் அப்போது எப்படிப் போகும் என்று ஓசூரில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் மதியத்துக்கு மறுபடியும் களியா என்று தூக்குப்போசியைத் திறந்து பார்ப்பாயே, அந்த முகம். அந்த முகத்தோடேயே இருந்துகொள், ஆனால் கடைசி வரை படி. உட்கார்ந்து எழுதுவதற்கு மட்டும்தான் இந்த உடம்பு இப்போதெல்லாம் சரி என்கிறது. நின்றால் முழங்கால் கத்துகிறது, குனிந்தால் இடுப்பு கத்துகிறது. உன் அம்மா தனியாகக் கத்துகிறாள். "டயர்காரர் டயர்டு ஆயிட்டாரு" என்று தெருவில் சொல்லிச் சிரிக்கிறாளாம். அந்தச் சிரிப்பு இருபது வயதில் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. இப்போது எனக்கே திரும்பி வருகிறது.

உன் கடிதம் வந்த அன்று கடையில் வேலையே ஓடவில்லை. அதை மனப்பாடமாகவே சொல்வேன். கார்த்திகை பிறந்தால் அங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிடும். மலைமேல் ரோடு போடும் ஆட்களைச் சாயங்காலம் கீழே கேம்புக்கு இறக்கிக்கொண்டு வருவது உன் பிக்கப் வண்டிதான். வண்டியின் நாலு டயரும் மொட்டை. காண்டிராக்டர் புது டயர் வாங்க இழுத்தடிக்கிறார். இதெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒன்று எழுதியிருந்தாய். "எங்க அப்பா டயர்காரர், அவர் ரீட்ரெட் பண்ணிக் குடுத்தா டயரு கல்லு மாதிரி இருக்கும்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாலு டயர் போட்டு அனுப்புப்பா."

நீ எட்டாவது படிக்கும்போது பசங்கள் உன்னை 'டயரு' என்று கூப்பிட்டார்கள். என் சட்டையிலிருந்து வரும் வெந்த ரப்பர் நாற்றம் உன் புத்தகப்பை வரைக்கும் வந்துவிட்டது என்று அழுதாய். அதற்குப் பிறகு கடைப்பக்கம் வந்தால்கூட ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுதான் பேசுவாய். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் தொழிற்பேட்டையில் தற்காலிக வேலை பார்த்து, அது போன பிறகும் கடைக்கு வரமாட்டேன் என்று காண்டிராக்டரோடு வடக்கே வண்டி ஏறினாய். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, சொன்னதில்லை. அப்படிப்பட்டவன், ஏதோ பாஷை தெரியாத ஊரில், 'எங்க அப்பா டயர்காரர்' என்று சொல்லியிருக்கிறாய். அந்த வரியை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "திருப்பிப் படிங்க" என்றாள். படித்தேன். "இன்னொரு வாட்டி" என்றாள். பிறகு, "பனி கொட்டுதாமே, காதுக்கு மப்ளர் கட்டிக்கச் சொல்லுங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்த பனி, நம் ஊர் மார்கழி காலையில் ரோஜாத் தோட்டத்து மேலே நிற்குமே, அதுதான். எனக்குத் தெரிந்ததும் அதுதான். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

உனக்காக நான் டயர் போட்ட விதத்தைச் சொல்கிறேன். கடையில் கிடந்த பழைய டயர்களைப் புரட்டிப் புரட்டி, பக்கவாட்டில் ஒரு கீறல்கூட இல்லாத நான்கைத் தேர்ந்தெடுத்தேன். தேய்ந்த மேல்தோலை நானே மெஷினில் வைத்துச் சுரண்டினேன். ரப்பர் தூள் பறந்து மூக்கெல்லாம் கறுப்பு. டாக்டர் அந்த மெஷின் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர் ஸ்கூட்டருக்கும் நான்தான் டயர் போடுகிறேன், அதனால் சத்தமாகச் சொல்லமாட்டார். பசை தடவி, புது ரப்பர் பட்டையை ஒட்டி, அச்சில் வைத்து வேகவைத்தேன். ரப்பரிலேயே கெட்டியான ரகம் ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி ரோட்டுத் தார் இளகிச் செருப்போடு ஒட்டும்போதும் தேயாமல் ஓடும் ரகம். கிரானைட் ஏற்றுகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். அதையே உனக்குப் போட்டேன். என் மகனுக்கு அல்லவா.

நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டே, நீயும் பார்த்திருப்பாய். ரீட்ரெட் டயரை வாங்க வருகிறவன் முதலில் விலை கேட்கமாட்டான். கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்திப் பார்ப்பான். நகம் பதியாவிட்டால் தலையை ஆட்டி, "கல்லு மாதிரி இருக்குதுங்க" என்பான். அதற்குமேல் ஒரு பாராட்டு இந்தத் தொழிலில் கிடையாது. தெலுங்குக்காரன் வந்தாலும் கன்னடக்காரன் வந்தாலும் நகம் ஒரே நகம்தான். உன் நான்கு டயரையும் நானே நகம் வைத்துப் பார்த்தேன். நகம்தான் மடங்கியது. உன் அம்மாவைக் கூப்பிட்டு அவளையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். "வெங்காயம் நறுக்கற கைய இதுல வேற ஒடைச்சுக்கணுமா?" என்று சொல்லிவிட்டு அழுத்திப் பார்த்தாள். அவளுக்கும் பெருமைதான்.

புரட்டாசி கடைசியில் டயர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜூஜுவாடிக்குப் போனேன். பார்டர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் யாரைக் கேட்டாலும் சர்தாரைக் காட்டுவார்கள். உன் கேம்புக்குக் கீழே இருக்கிற ஊரில்தான் அவர் ஆப்பிள் ஏற்றுகிறார். பெங்களூரிலும் கிருஷ்ணகிரியிலும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது தேங்காயோ புளியோ கொண்டுபோவார். வருஷக்கணக்காக இந்த ரோட்டில் ஓடி, அவருடைய தமிழ் ஏழு ஊர்த் தண்ணீர் குடித்த தமிழாக இருக்கும். "சர்தார், எம் பையனுக்கு நாலு டயரு. பனிக்காலத்துக்கு. பத்திரமா சேர்த்துடணும்" என்றேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டே வந்து, நம் ஊர்க்காரர்கள் மாதிரியே நகத்தை வைத்து அழுத்தினார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"அரே பாய், இது கல்லு" என்றார்.

"ஆமா சர்தார், கல்லேதான்!" என்றேன், பல்லைக் காட்டிக்கொண்டு.

"இல்ல பாய். எங்க மலைல ஏற்கெனவே கல்லு நெறைய இருக்கு. நீ எதுக்கு இன்னும் அனுப்பறே?" அவர் சிரிக்கவில்லை. "உங்க ஊரு வெயில்ல இது டயர். எங்க ஊரு பரஃப்ல இது கண்ணாடி பாட்டில். உருளும், நிக்காது." பரஃப் என்றால் அவர்கள் பாஷையில் பனிக்கட்டி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ் சர்தார், ஆப்பிள் விக்கிற வாயால டயரப் பத்திப் பேசாத. நா இந்த வேலைக்கு வந்தப்போ ஒனக்குத் தாடியே மொளைக்கல."

"நான் ஆப்பிள் விக்கல பாய். ஆப்பிள் மேல படுத்துத் தூங்கறேன். டயர் மேலதான் ஓடறேன்." சொல்லிவிட்டு லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு டயர்த் துண்டை எடுத்து வந்தார். மலைக்கென்று போடும் டயரின் பழைய துண்டு. பட்டன் என்போமே, தரையைத் தொடும் அந்த ரப்பர் மேடு ஒவ்வொன்றிலும் பிளேடால் கோடு போட்ட மாதிரி மெல்லிய கீறல்கள். அழுத்தினால் இட்லி மாதிரி அமுங்கியது. நம் கடைக்கு வந்திருந்தால் 'தேறாது' என்று மூலையில் எறிந்திருப்பேன். "இதையும் ஒன் டயரையும் ஐஸ்ல வெச்சுப் பாரு. அப்புறம் எங்கிட்டச் சண்டைக்கு வா. நான் லோடு ஏத்தத் தீபாவளி ஆயிடும், இங்கதான் இருப்பேன்" என்றார். டயர்களை ஏற்றவேயில்லை. நாலையும் திரும்ப வண்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "என்னங்க, மாப்ளைங்க நாலு பேரும் மறுவூடு வந்துட்டாங்க?" என்றாள்.

கிருஷ்ணகிரி ரோட்டில் ஐஸ் ஃபேக்டரி இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சண்ணனை உனக்குத் தெரியும். சின்ன வயதில் உனக்கு உடைந்த ஐஸ் துண்டு தருவாரே, கன்னடம் பாதி தமிழ் பாதி பேசுவாரே, அவர்தான். என் டயரின் ஓரத்தில் ஒரு துண்டை அறுத்து எடுத்தேன். நான்கில் ஒன்று அப்போதே போயிற்று. கையால் வேகவைத்ததைக் கையாலேயே அறுக்கிறபோது எப்படி இருக்கும் என்று எழுதப் போவதில்லை. அதையும் சர்தாரின் துண்டையும் கொண்டுபோய், ஐஸ் உறையவைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு நாள் வைக்கவேண்டும் என்றேன்.

"ஏன் ஸ்வாமி இது? டயர் ஐஸ்கிரீமா?" என்றார் மஞ்சண்ணன். "ஜூஸ் கடைக்காரன் இத ஒடைச்சு கிளாஸ்ல போட்டா நா ஜெயிலுக்குப் போவேன்."

"எம் பையன் ஊர்ல இதத்தான் மாவு மாதிரி ரோட்டுல கொட்டுதாம் மஞ்சண்ணா. அதுமேல வண்டி ஓட்டறான்."

அவர் அதற்குப் பிறகு கிண்டல் பண்ணவில்லை. இரண்டு துண்டையும் தகர டப்பாவில் போட்டுத் தொட்டியில் இறக்கினார்.

மறுநாள் காலையில் போனேன். டப்பாவைத் திறந்தோம். முதலில் சர்தாரின் துண்டில் நகம் வைத்தேன்; விறைப்பாக இருந்தாலும் நகம் உள்ளே போனது. பிறகு என்னுடையதை எடுத்தேன். அதைத் தரையில் போட்டபோது வந்த சத்தம், கண்ணு, ரப்பர் விழுகிற சத்தமே இல்லை. ஓடு விழுகிற சத்தம். மஞ்சண்ணன் ஒரு பெரிய ஐஸ் பாளத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். இரண்டு துண்டையும் அதன்மேல் வைத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு செங்கல் வைத்தோம். சர்தாரின் துண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. என்னுடையது செங்கல்லையும் தூக்கிக்கொண்டு சறுக்கி, பாளத்தின் முனையைத் தாண்டி, என் காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. நான் பின்னால் நகர்ந்தேன், தரையில் ஐஸ் தண்ணீர், நானும் விழுந்தேன். உன் அப்பனுக்கும் அவன் போட்ட டயருக்கும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வழுக்கியது. மஞ்சண்ணன் என்னைத் தூக்கிவிட்டார். சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. "பையனுக்கு அனுப்பலயல்லவா?" என்று மட்டும் கேட்டார். "அனுப்பல" என்றேன். "தேவரு தொட்டவனு" என்றார். சாமி பெரியவர் என்று அர்த்தம். ஈர வேட்டியோடு பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வந்தேன்.

தார் இளகுகிற ஊரில் ரப்பர் கெட்டியாக இருக்கவேண்டும். தண்ணீர் உறைகிற ஊரில் ரப்பர் இளகியிருக்கவேண்டும். சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் இத்தனை வருஷமும் 'கல்லு மாதிரி' என்பது என் காதில் பாராட்டாகவே விழுந்து பழகிவிட்டது. வெயிலில் நின்று வெயிலைப் பற்றி மட்டுமே யோசித்த புத்தி. பிறகு சாயங்காலம் முழுவதும் நான் நினைத்துக்கொண்டிருந்தது டயரைப் பற்றி அல்ல. எங்கள் கல்யாண வண்டியைப் பற்றி.

உனக்கு அந்தக் கதை சிரிப்புக் கதையாகத்தான் தெரியும். காவேரிப்பட்டினத்தில் கல்யாணம் முடிந்து பெண்ணையும் பெண் வீட்டாரையும் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓசூருக்கு வருகிறோம். நான் மாப்பிள்ளை, முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். நான் கேட்பேனா? பதினேழு வயதில் ஹெட்மாஸ்டர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டு அவருக்கே பம்பு தேடிக் கொடுத்தவன் நான். (பிடுங்கிய காற்றையெல்லாம் வாழ்நாள் முழுக்க ஊரார் டயரில் திருப்பி அடைத்துக்கொண்டிருக்கிறேன், அது வேறு.) பெண்ணைச் சீண்டவேண்டும் என்று பின்னால் ஏறிக்கொண்டேன். சூளகிரி தாண்டி இறக்கத்தில் கோடையின் முதல் மழை. ரோட்டில் தூசியும் ஆயிலும் தண்ணீரும் கலந்து வெண்ணெய். வண்டியின் டயர் மொட்டை. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை, சுழன்றது. முழுசாகத் திரும்பி, வந்த திசையைப் பார்த்து நின்றது. இன்றைக்கும் உன் அம்மா சொல்கிறாள்: "வண்டிக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்குது. திரும்பிப் போயிடுடின்னு எங்க ஊரப் பார்த்துத் திருப்பி விட்டுச்சு. நாந்தான் புரிஞ்சுக்கல."

சிரிப்புக் கதையில் விட்டுவிடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. உன் மாமாவின் வலது தோள். இன்றைக்கும் அவனால் கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது. சட்டையை உன் அத்தைதான் மாட்டிவிடுகிறாள். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தது என்று உன்னிடம் சொல்லியிருப்பான். இல்லை, அந்த இறக்கத்தில் வண்டியின் பக்கப் பலகையில் மோதியது. மாங்காய் பறிக்கிறவன் அவன். அதோடு மரம் ஏறுவது நின்றது. எங்கள் கல்யாண நாள் கெட்ட நாளாகிவிடக்கூடாது என்று அவனே மாற்றிச் சொல்ல ஆரம்பித்தான். நான் பின்னால் இருந்ததால் எனக்கு ஒன்று தெரியும். முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ரோடு தெரியும், ஸ்டீயரிங் இருக்கும், பிரேக் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு எதுவும் கிடையாது. வண்டி நழுவுவது அவனுக்கு வயிற்றில்தான் தெரியும். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் இருப்பவனின் சட்டைதான் இருக்கும்.

அதனால் கேள். இதில் பாதி எனக்குத் தெரிந்தது, பாதி சர்தாரிடம் மறுபடியும் போய் உட்கார்ந்து, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, திட்டியதற்கு நேரே மன்னிப்புக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டது. டயர் புதிதாக இருக்கவேண்டும், பனிக்கென்றே செய்த இளகிய ரப்பராக இருக்கவேண்டும். பட்டன் ஆழமாக இருந்தால் மட்டும் போதாது. பட்டன்மேல் அந்த மெல்லிய கீறல்கள் வேண்டும், பனியைக் கவ்வுவது அவைதானாம். யாராவது உபயோகித்த டயர் மலிவாக வருகிறது என்று சொன்னால் பட்டனைப் பார்த்து ஏமாறாதே. நிழலில் கிடந்தே கிழடாகிப்போன டயர்கள் உண்டு; பக்கவாட்டை வளைத்துப் பார், முடி மாதிரி வெடிப்புத் தெரிந்தால் அது என்னைப்போல, பார்க்க முழுசாக இருக்கும், வேலைக்கு ஆகாது. அகலமான டயர் கம்பீரமாக இருக்கிறது என்று ஆசைப்படாதே. வண்டிக்கு உரிய அளவே போடு. அகல டயர் பனியின்மேல் மிதக்கும், ஒடுங்கிய டயர் பனியை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும். காண்டிராக்டர் "பின்னால ரெண்டு மட்டும் மாத்திக்கலாம்" என்பார். எல்லா ஊர்க் காண்டிராக்டரும் அதைத்தான் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதே. பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திரும்பாது. வண்டி நேராகப் போகும், ரோடு திரும்பிப் போகும். நாலும் ஒரே ரகம். ஸ்டெப்னியும் அதே ரகமானால் இன்னும் நல்லது.

காற்று விஷயத்தில்தான் எனக்கு உன்மேல் பயம். நீ ஓட்டக் கற்றுக்கொண்டது நம் ரோட்டில். மத்தியானம் டயர் சூடேறி விறைத்தால் காற்றைக் கொஞ்சம் பிடுங்கிவிடும் பழக்கம் இங்கே எல்லார் கையிலும் இருக்கிறது. இங்கேயே அது தப்பு, சொன்னால் யார் கேட்கிறார்கள். அங்கே கதை தலைகீழ். குளிர் ஏற ஏறக் காற்று தானாகவே சுருங்கும். ராத்திரி சரியாக இருந்தது காலையில் குறைந்திருக்கும். வண்டியை எடுப்பதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து அடைத்துக்கொள். காற்று குறைந்தால் பிடிப்பு கூடும் என்று எவனாவது சொன்னால் அவனையே பின்னால் உட்காரச் சொல். பனியில் பிடிப்புக்காகச் சக்கரத்தைச் சுற்றி மாட்டுவார்களாமே, அந்தச் சங்கிலி கட்டாயம் வண்டியில் இருக்கவேண்டும். உன் பிக்கப்பில் பின்சக்கரம்தான் ஓட்டும் சக்கரம், அதில்தான் மாட்டவேண்டும். மாட்டிக் கொஞ்ச தூரம் போனதும் இறங்கி மறுபடியும் இறுக்கு. சங்கிலியோடு ஆள் ஓடுகிற வேகத்துக்குமேல் போகாதே. வெறும் தார் வந்தால் கழற்றிவிடு. நம் தொழிற்பேட்டையில் நானே ஒரு செட் சங்கிலி அடிக்கச் சொல்லி அனுப்பலாமா என்று கை துறுதுறுத்தது. வேண்டாம். பனியைப் பார்க்காதவன் பனிக்காகச் செய்த பொருள் ஒன்று போதும்.

பின்னால் சக்கர அச்சுக்கு மேலே இரண்டு மூட்டை மணல் போட்டுக் கட்டிவை. காலியாக மேலே ஏறும்போது அந்த எடைதான் சக்கரத்தைத் தரையில் உட்கார வைக்கும். சக்கரம் சிக்கினால் அந்த மணலையே அடியில் தூவலாம். இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே, கியரை நம்பு. சூளகிரி இறக்கத்தில் எங்கள் டிரைவர் செய்தது அதுதான், பிரேக்கை மிதித்தது. அவரைக் குற்றம் சொல்லவில்லை. பயந்த கால் பிரேக்குக்குத்தான் போகும். அதனால் பயப்படாத நாளிலேயே காலைப் பழக்கிவை.

இப்போது காண்டிராக்டர் விஷயம். நீ 'அப்பா அனுப்புவார்' என்று சொல்லிவிட்டாய். இல்லை என்றால் அவர் சிரிப்பார் என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். அதற்குத்தான் இந்த இரண்டு துண்டும். ராத்திரி இரண்டையும் கேம்ப் வாசலில் வை. காலையில் அவரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே நகம் வைத்து அழுத்திப் பார்க்கச் சொல். கெட்டியான துண்டில் நம் கடை அச்சின் முத்திரை இருக்கிறது. அறுக்கும்போது அதை வேண்டுமென்றே விட்டு அறுத்தேன். "இது எங்க அப்பா போட்டது. அவரே வேணாங்கறார்" என்று சொல். தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிற வியாபாரியை அவர் பார்த்திருக்கமாட்டார். சிரித்தால் சிரிக்கட்டும், நான் சிரிக்க வைத்தே வளர்ந்தவன். அதற்குப் பிறகும் அவர் டயர் மாற்றவில்லை என்றால், முதல் பனி விழுகிற அன்றைக்குச் சாவியை அவர் மேஜைமேல் வைத்துவிடு. ஆட்களை நடந்து இறங்கச் சொல். ரோடு போடுகிறவர்கள் அவர்கள், நடக்கத் தெரியும். வேலை போனால் வா. ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றே பேசு, பரவாயில்லை.

மிச்சம் மூன்று டயரும் கடை வாசலில் கிடக்கின்றன. உன் அம்மா அவற்றின்மேல் முறம் வைத்து மிளகாய் காயவைத்திருக்கிறாள். "பையனுக்குப் போட்டத வேற எவனுக்கும் குடுக்காதீங்க" என்கிறாள். அப்படியெல்லாம் பூஜையில் வைக்கிற சரக்கு இல்லை அது. ராயக்கோட்டைத் தக்காளி வண்டிக்காரன் நேற்று வந்து நகம் வைத்துப் பார்த்தான். "கல்லு மாதிரி இருக்குதுங்க" என்றான். முதல் தடவையாக எனக்கு அது சுருக்கென்றது. கொடுத்துவிடுவேன். அவன் ஓடுகிற ரோட்டில் வெயில் இருக்கிறது.

களைப்பாக இருக்கிறது கண்ணு. இந்தக் கடிதத்தை எழுதாமல் நாலு டயரையும் சர்தார் லாரியில் ஏற்றிவிட்டிருந்தால் உனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்திருக்கும். நீ என்னிடம் கேட்டதை நான் கொடுத்தேன் என்று எனக்கும் இருந்திருக்கும். எங்க அப்பா டயர்காரர் என்று நீ சொன்னது நிஜமாக இருக்கவேண்டும் என்பதால்தான் அனுப்பவில்லை. உன் அப்பன் டயர்காரன், அதனால் உன்னைத் தடுத்துவிட்டான். உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறார்களே, ரோடு தெரியாமல், பக்கத்து ஆளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கும் ஏதோ ஊரில் ஒரு அப்பன் இருப்பான். அவன் டயர்காரனாக இருக்கமாட்டான். ஐஸ் ஃபேக்டரிக்குப் போய் விழுந்து எழுந்திருக்கமாட்டான். அவனுக்கும் சேர்த்து நானே எழுதிவிட்டேன்.

நகம் உள்ளே போனால் வண்டியை எடு.

அப்பா